வெல்வெட்டின் மேல் என்ன சேர்ப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஆடை வடிவமைப்பு பயிலும் மாணவி. இறுதியாண்டுத் தொகுப்பை முழுக்க வெல்வெட்டில் செய்ய விரும்புவதாகச் சொன்னபோது, அது அரசவைக் காலத்துத் துணி, மணியும் சரிகையும் வைத்துத் தைப்பதைத் தவிர அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். இன்றைய வடிவமைப்பாளர்கள் யாராவது இத்துணியை உண்மையிலேயே புதிதாகக் கையாண்டிருக்கிறார்களா? பாலியெஸ்டரில் வெல்வெட் வந்துவிட்ட பிறகு அதற்கென்று ஒரு மதிப்பு மிஞ்சியிருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அரசவைக் காலத்துத் துணி என்பது சரிதான். மணியும் சரிகையும் என்பதில்தான் நான் உடன்படவில்லை. வெல்வெட் ஏற்கெனவே நிறைந்திருக்கும் துணி என்பதால், அதன்மேல் வைக்கப்படும் எதுவும் பெரும்பாலும் அதனுடன் போட்டியிட்டுத் தோற்கிறது. என் பார்வையில், இத்துணியை நன்றாகக் கையாண்டவர்கள் அதிலிருந்து எதையாவது நீக்கியவர்கள், அல்லது அதை யாரும் எதிர்பாராத உடைக்குக் கொண்டுபோனவர்கள்.

இதை விளக்க நெசவிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரணத் துணிக்கு ஒரு பாவும் (நீளவாட்டு இழைகள்) ஒரு ஊடையும் (குறுக்கு இழை) போதும். வெல்வெட்டுக்கு இன்னொரு பாவு வேண்டும். அந்த இரண்டாம் பாவைக் கம்பிகளின்மேல் தூக்கி நெய்து, எழும் வளையங்களை வெட்டிவிடுவது பழைய முறை. இரண்டு துணிகளை நேருக்கு நேராக நெய்து, அவற்றை இணைக்கும் இழைகளை நடுவே கத்தியால் அறுத்து இரண்டு வெல்வெட்டுகளாகப் பிரிப்பது இன்றைய ஆலை முறை. எப்படி நெய்தாலும் நாம் காண்பது இழையின் பக்கவாட்டை அல்ல, அதன் வெட்டுமுனையை. ஒளி அந்த முனைகளுக்கிடையே இறங்கிப் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுவதால்தான் கருப்பு வெல்வெட் மற்றக் கருப்புத் துணிகளைவிடக் கருமையாக இருக்கிறது. இழைகள் சாய்ந்திருக்கும் இடத்தில் அதே துணி வெளிறிப் பளபளக்கிறது. எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும் என்று தையல் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இதனால்தான். இழை மேல்நோக்கி நிற்கும்படி வெட்டினால் நிறம் ஆழமாகும், கீழ்நோக்கி வெட்டினால் சற்று வெளிறும். ஆனால் அந்த விதி பிழையைத் தவிர்க்க ஏற்பட்டது. தெரிந்தே அதை மீறி, ஒரே துணியின் பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக வைத்துத் தைத்தால், சாயம் எதுவும் இல்லாமலேயே இரண்டு நிறக் கோடுகள் எழுகின்றன, அணிபவர் நடக்கையில் அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. வெல்வெட்டுக்கே உரிய வடிவமைப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

நீக்குவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டெவொரே என்னும் முறை. பட்டு அடித்தளத்தில் விஸ்கோஸ் இழைகள் எழுந்து நிற்கும் வெல்வெட்டின்மேல் அமில உப்புப் பசையை வேண்டிய வடிவில் அச்சிட்டுச் சூடேற்றினால், செல்லுலோஸான விஸ்கோஸ் கருகி உதிர்ந்துவிடும், புரதமான பட்டு தப்பிவிடும். துடைத்த பிறகு ஊடுருவித் தெரியும் மெல்லிய பரப்பில் வெல்வெட் பூக்கள் மட்டும் நிற்கும். பிரிட்டனில் ஜார்ஜினா வான் எட்ஸ்டார்ஃப் 1990களில் இம்முறையில் செய்த கழுத்துத்துணிகள் பெரும்புகழ் பெற்றன. வெனிஸின் பெவிலாக்குவா நெசவகத்தில் இன்றும் கைத்தறியில் நெய்யப்படும் சொப்ராரிட்சோ என்னும் வெல்வெட் வகை இன்னொரு வழியைக் காட்டுகிறது. வெட்டிய இழையும் வெட்டாத வளையமும் அருகருகே ஒரே நிறத்தில் இருக்கும். வெட்டிய பகுதி மட்டும் ஆழ்ந்து தெரிவதால் சித்திரம் தானே உருவாகிவிடுகிறது. ஒரு நாளில் சில பத்து சென்டிமீட்டர்தான் நெய்ய முடியும். தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் போய்க்கொண்டிருந்த அந்தத் துணியைக் கைப்பைக்குக் கொண்டுவந்தவர் ரொபெர்ட்டா தி காமெரினோ என்ற பெயரில் நிறுவனம் நடத்திய, வெனிஸைச் சேர்ந்த ஜூலியானா காமெரினோ.

என் வாதத்துக்கு ஒத்துவராத ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். வெனிஸில் பணியாற்றிய வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்ட்டுனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்வெட்டின்மேல் உலோக நிறமிகளை அச்சிட்டார். அது சேர்ப்பதுதான். ஆனால் அந்தப் பொன்னிறம் இழைமுனைகளில் மட்டுமே படிந்து, இழை சாயும் இடமெல்லாம் உடைந்து, பல தலைமுறை கண்ட துணிபோலத் தோற்றம் தருகிறது. துணியோடு சண்டையிடாத அலங்காரம் அது.

வெல்வெட்டை எதிர்பாராத உடைக்கு இடம் மாற்றியவர்களில் அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டை முதலில் சொல்வேன். இத்தாலிய ஆடை நிறுவனமான குச்சிக்காக (Gucci) 1995இல் அவர் அமைத்த இலையுதிர்காலத் தொகுப்பில் வெல்வெட் இடுப்புக்குக் கீழே இறங்கிய கால்சட்டையாக, சாட்டின் சட்டையுடன் வந்தது. 2019 ஆஸ்கர் விழாவுக்காகக் கிறிஸ்டியன் சிரியானோ நடிகர் பில்லி போர்ட்டருக்கு அமைத்த உடை இதைவிடக் கூர்மையானது: மேலே ஆண்களின் டக்சீடோ கோட்டு, கீழே விரிந்த நடன கவுன், இரண்டும் கருப்பு வெல்வெட். ஆண்களின் மாலைநேரக் கோட்டிலும் பெண்களின் விருந்து கவுனிலும் நெடுநாளாகப் பொதுவாக இருந்துவந்த துணி அதுதான் என்பதால், அந்த இணைப்பு ஒட்டுப்போட்டதுபோலத் தெரியவில்லை. வேறு துணியில் அது வெறும் வேடிக்கையாகியிருக்கும்.

பாலியெஸ்டரை இகழ வேண்டியதில்லை. மலிவான வகைகளின் பளபளப்பு கண்ணை உறுத்தும் என்பது உண்மை. ஆயினும் அந்த இழை வெப்பத்தில் வடிவம் ஏற்றுக்கொள்ளும் என்பதால், பட்டு வெல்வெட்டில் நிலைக்காத கூர்மடிப்புகளைப் பாலியெஸ்டர் வெல்வெட்டில் நிரந்தரமாகப் பதிக்கலாம். டெவொரேவிலும் பட்டுக்குப் பதிலாகப் பாலியெஸ்டரை அடித்தளமாக வைக்கலாம், அதையும் அமிலம் தொடுவதில்லை. பட்டைப்போல நடிக்கவைக்கும்போதுதான் அது மலிவாகத் தெரிகிறது.

உங்கள் தொகுப்புக்குப் பெரிய துண்டுகளும் குறைந்த தையல்களும் கொண்ட வடிவங்களையே பரிந்துரைப்பேன். இழைப்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்போது துணி நகர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே முதலில் கையால் தற்காலிகத் தையல் போட்டுவிட்டு இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். குண்டூசியைத் தையலுக்கு வெளியே விடப்படும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள், மற்ற இடங்களில் தடம் விழும். இஸ்திரியை மேற்பரப்பில் வைக்காதீர்கள். இன்னொரு வெல்வெட் துண்டின்மேல் முகங்கவிழ்த்துப் போட்டு, பின்புறத்திலிருந்து நீராவி மட்டும் காட்டினால் போதும். முடித்த உடைகளை மடித்து அடுக்காமல் தொங்கவிடுங்கள், மடிப்பில் நசுங்கிய இழை எளிதில் எழுந்து நிற்பதில்லை.