தேன்மெழுகு இல்லாத லிப்ஸ்டிக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டிலேயே லிப்ஸ்டிக் செய்து தோழிகளுக்குக் கொடுக்கிறேன். ஒருத்தி வீகன் (விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) வேண்டும் என்று கேட்டாள். 100 கிராமுக்கு 18 கிராம் தேன்மெழுகு போடுவேன். அதை எடுத்துவிட்டு அதே 18 கிராம் கார்னாபா மெழுகு (ஒரு பனையின் ஓலை மெழுகு) போட்டேன். உதட்டில் வைத்ததும் சாக்பீஸ் மாதிரி முறிந்துவிட்டது. மெழுகு போலியா? (வாசகி, கரூர்)

பதில்: மெழுகு அசல்தான் அம்மா, கணக்குதான் தப்பு. லிப்ஸ்டிக் வார்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையே செய்தேன். சூப்பர்வைசர் முறிந்த குச்சிகளை என் மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை.

தேன்மெழுகை விரலில் உருட்டிப் பாருங்கள். கைச்சூட்டிலேயே பிசைய வரும். அது 62 முதல் 65 டிகிரியில் உருகும். அதைவிட முக்கியம், அது வளைந்து கொடுக்கும். கார்னாபா 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும் முரட்டு ஆசாமி. நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். இவருக்குப் பதில் அவர் என்று ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது, கூட்டணிதான் சரி.

100 கிராமுக்கு நான் ஆரம்பிக்கும் அளவு இது: கேண்டலில்லா (ஒரு பாலைவனப் புதரின் மெழுகு) 9 கிராம், அரிசித்தவிட்டு மெழுகு 4, கார்னாபா 2, கோகம் வெண்ணெய் (கோகம் பழக்கொட்டையின் கொழுப்பு) 8. அப்புறம் நிறமிகள், கொஞ்சம் வைட்டமின் ஈ. மீதி முழுக்க விளக்கெண்ணெய். பளபளப்பைக் கேண்டலில்லா கொடுக்கும். கார்னாபா மே மாத வெயிலுக்கு. கோகம், உதட்டுச் சூட்டில் இளகிப் பரவ. நிறமியை முதலில் விளக்கெண்ணெயில் நன்றாக அரைத்துக்கொள்ளுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெழுகுகளை உருக்கும்போது கார்னாபா முழுதாகக் கரைந்ததா என்று பாருங்கள். கரண்டியின் அடியில் மணல் போல நின்றால் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். அச்சையும் லேசாகச் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குச்சியில் வரி விழும். தேன்மெழுகு ஆறும்போது சுருங்குவதால் அச்சிலிருந்து தானே கழன்று வரும். இந்தக் கலவை சில நேரம் அடம்பிடிக்கும். அச்சின் உள்ளே எண்ணெயை ஒற்றி எடுத்தாற்போல் தடவினால் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தோழிகளைத் தாண்டி விற்கத் தொடங்கினால் 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வாங்க வேண்டும்.

கேள்வி: செடியிலிருந்து வருகிற மெழுகு என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எந்தச் செடி, யார் எடுத்தது என்று கேட்காமல் நான் தலையாட்ட மாட்டேன்.

கேண்டலில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். வட மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் காடாக வளரும் புதர், நம்மூர் திருகுகள்ளியின் நெருங்கிய சொந்தம். ஆமணக்கும் அதே குடும்பம்தான். ஸ்பானிய மொழியில் பெயருக்கு ‘குட்டி மெழுகுவர்த்தி’ என்று அர்த்தம். அங்கே வேலையாட்கள் செடியை வேரோடு பிடுங்கிக் கழுதை மேல் ஏற்றி வருவார்கள். கந்தக அமிலம் கலந்த நீரில் கொதிக்கவைத்து, மேலே நுரையாக மிதக்கும் மெழுகை வழித்தெடுப்பது பழைய முறை. இப்போது சிட்ரிக் அமில முறையும் உண்டு. இந்தச் செடியின் சர்வதேச வணிகம் சைட்டிஸ் (காட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) 2-ஆம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

கார்னாபா வடகிழக்கு பிரேசிலின் பனை. வறட்சியில் நீர் ஆவியாகாமல் இருக்க ஓலை மேல் அது பூசிக்கொள்ளும் பூச்சுதான் மெழுகு. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்தால் பொடியாக உதிரும். மரத்தை வெட்டுவதில்லை, அந்த வகையில் நிம்மதி. ஆனால் கார்னாபாத் தோப்புகளில் கொத்தடிமை நிலையில் இருந்தவர்களை பிரேசில் தொழிலாளர் ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். மரம் பிழைத்தது, ஓலை வெட்டுகிறவன் கதை வேறு.

எனக்குப் பிடித்தது உங்கள் ஊர் ஆசாமி. அரைவை மில்லில் உமி, தவிடு என்று பிரிகிறதே, அந்தத் தவிடு, கரைப்பான் ஊற்றி எண்ணெய் பிரிக்கும் சால்வென்ட் ஆலைக்குப் போய் எண்ணெயாகும். எண்ணெயைக் குளிரவைத்தால் அடியில் படிவதுதான் தவிட்டு மெழுகு. வடிகட்டி எடுத்ததும் பார்த்தால் முகம் சுளிப்பீர்கள்: கரும்பழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய தவிட்டு வாடை. சுத்திகரித்த பிறகுதான் வெளிர்மஞ்சள் வரும். இதற்கென்று ஒரு சென்ட் நிலத்தில்கூடப் புதிதாகப் பயிர் வைக்க வேண்டாம். சூரியகாந்தி மெழுகும் இதே மாதிரி எண்ணெய் ஆலையின் மிச்சம்தான்.

கேள்வி: வண்டி டிக்கியில் வைத்திருந்த லிப்ஸ்டிக் மேல் வியர்வை மாதிரி துளிகள். கெட்டுவிட்டதா? (வாசகி, வேலூர்)

பதில்: வேலூர் வெயிலில் டிக்கி என்றால் அடுப்புதான். மெழுகுப் படிகங்களின் இடுக்கில் எண்ணெய் சிக்கி நிற்கிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்தால் படிகங்கள் பெரிதாகி எண்ணெயை வெளியே தள்ளிவிடும். வாடை மாறவில்லை என்றால் டிஷ்யூவால் ஒற்றிவிட்டுப் போடலாம். நீங்களே செய்தது என்றால், அடுத்த முறை ஊற்றியதும் அச்சைச் சட்டென்று குளிரவையுங்கள். படிகம் சின்னதாக விழும், எண்ணெயை இறுக்கிப் பிடிக்கும்.

கேள்வி: கேண்டில் வகுப்பில் வாங்கிய சோயா மெழுகு மிச்சம் இருக்கிறது. போடலாமா? (மாணவி, மதுரை)

பதில்: கண்ணாடிக் கிளாஸில் ஊற்றும் சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், அதை வைத்துக் குச்சி நிற்காது. தவிர, மெழுகுவர்த்திக்கென்று விற்பதில் வாசனையும் சாயமும் கலந்திருக்கலாம். விளக்குக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேன்மெழுகு இல்லை என்றால் வீகன் என்று எழுதிவிடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: அது மட்டும் போதாது. சிவப்பு எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் கார்மைன் அல்லது சிஐ 75470 என்று இருந்தால் அது கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்த நிறம். லனோலின் இருந்தால் அது ஆட்டுக் கம்பளியின் கொழுப்பு.