வாசகர் கேள்வி–பதில்: வீட்டில் முழங்கும் குடம், கொடையில் கேட்காத குடம்

கேள்வி: மொட்டைமாடியில் 10க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி. வில்லுப்பாட்டு பதிவு செய்து அங்கேயே மிக்ஸ் பண்ணுகிறேன். அறையில் குடம் (வில்லுப்பாட்டில் தாளம் தட்டும் மண்பானை) காதை அடைக்கிறது. குறைத்து வைத்தால் கோயில் கொடை விழாவில் மைக்செட்டில் குடமே இல்லை. இப்போதுள்ள 5 இஞ்ச் மானிட்டரை (மிக்ஸ் கேட்கும் ஸ்பீக்கர்) விற்றுவிட்டு 8 இஞ்ச் வாங்கலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். 8 இஞ்ச் வந்தால் தொல்லை கூடும். கோளாறு அறையில் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 57 அதிர்வு) அருகிலும், அதன் இரு மடங்கான 113 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தங்கி முழங்கும். உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் குவிகின்றன. மிக்ஸிங்குக்கு இதைவிட மோசமான அளவு கிடைக்காது. உதாரணமாக, யமஹாவின் 5 இஞ்ச் மானிட்டரான ஹெச்எஸ்5 54 ஹெர்ட்ஸ் வரையும் 8 இஞ்சான ஹெச்எஸ்8 38 வரையும் இறங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. அந்தக் கூடுதல் அடித்தொனியை இவ்வளவு சிறிய அறை ஒழுங்காகக் கேட்கவிடாது.

முதலில் இடத்தை மாற்றுங்கள், இதற்குக் காசு செலவில்லை. ஸ்பீக்கரின் முகப்பு முன்சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கட்டும். 1 மீட்டர் தள்ளினால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை விழுங்கிப் பள்ளம் உண்டாக்கும். 40 செ.மீ. என்றால் அந்தப் பள்ளம் 216 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே ராக்வூலால் (ஒலியை உறிஞ்சும் கல் இழைப் பஞ்சு) அதை ஓரளவு சமாளிக்கலாம். ஸ்பீக்கர் பெட்டியின் காற்றுத் துளை பின்பக்கம் உள்ள மாடல் என்றால் அதைச் சுவர் அடைக்காதபடி இடைவெளி விடவும். சுவரருகே அடித்தொனி ஏறுவதைக் குறைக்க, உங்களுடையது ஹெச்எஸ்5 என்றால் பின்புறம் உள்ள ரூம் கன்ட்ரோல் சுவிட்சை −2 டெசிபலில் வையுங்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 1 மீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கு 1 மீட்டர் இருக்கட்டும். ட்வீட்டர் (மேல்தொனி தரும் சிறு ஸ்பீக்கர்) காது மட்டத்தில் வரவேண்டும். அப்போது உங்கள் தலை முன்சுவரிலிருந்து சுமார் 127 செ.மீ. தூரத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில், அதாவது 152 செ.மீ.யில் உட்கார்ந்தால் 57 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துபோகும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அதுவே வீங்கும். இடச்சுவரும் வலச்சுவரும் சமதூரத்தில் இருப்பது முக்கியம்.

பிறகு ராக்வூல். கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி, 4 இஞ்ச் தடிமன் போதும். துணியில் சுற்றி, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை குறுக்காக நிறுத்துங்கள். பக்கச் சுவரில் எங்கே வைக்க வேண்டும் என்பதற்குக் கண்ணாடியே வழிகாட்டி: நீங்கள் இருக்கையில் உட்கார, இன்னொருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு ராக்வூல் பலகை வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் 4 இஞ்ச் விட்டால் ஒலியையும் நன்றாக உறிஞ்சும், இரண்டு பருவமழையிலும் ஊறும் நம்மூர்ச் சுவரின் ஈரமும் ஏறாது. இவ்வளவு செய்தாலும் 57 ஹெர்ட்ஸ் முழுதாக அடங்காது. அதற்கு மீட்டர்க் கணக்கில் தடிமன் வேண்டும். முட்டை அட்டையை ஒட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடத்தின் ஒலியை அது தொடக்கூடத் தொடாது.

மீதி முழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் வழி. 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சைன் டோன்களை (ஒரே அதிர்வு மட்டும் உள்ள ஒலி) ஒரே சத்தத்தில் ஒலிக்கவிட்டு, எது வீங்குகிறது, எது காணாமல் போகிறது என்று தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். அளந்தே பார்க்க விரும்பினால் ரூம் இக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். அறையை அளக்கும் மைக் மட்டும் வாங்க வேண்டும். கேட்கும் சத்தத்தையும் நிலையாக வையுங்கள்: மென்பொருள் மீட்டரில் −20 டெசிபல் காட்டும் பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடும்போது, ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கையில் 73 முதல் 75 டெசிபல் தரவேண்டும்; சத்தமானியை சி வெயிட்டிங்கில் வைத்து அளக்கவும். சத்தம் கூடக்கூட அடித்தொனி அதிகமாகத் தோன்றுவது காதின் இயல்பு.

கொடையில் குடம் மறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்செட்டின் கூம்பு ஸ்பீக்கர் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் தராது. குடத்தின் ‘தும்’ அதற்குக் கீழேதான். ஆகவே அடித்தொனியை ஏற்றிப் பயனில்லை. குடத்தின் தடத்தில் மெல்லிய சாச்சுரேஷன் (ஒலியில் சற்றே சிதைவு கூட்டி மேல்தொனிகளை எழுப்புவது) போட்டு, 400 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். மிக்ஸை மோனோவாக்கி போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அதில் குடத்தின் அடி எண்ணும்படி கேட்டால் கூம்பிலும் கேட்கும்.

கேள்வி: சர்ச் பாடகர் குழுவின் பாடல்களை 2.1 ஹோம் தியேட்டரில் மிக்ஸ் செய்தால் என்ன?
— வாசகர், கருங்கல்

பதில்: பேஸ் பெட்டி ஏற்கெனவே ஏற்றித் தருவதால் நீங்கள் பேஸைக் குறைத்து வைப்பீர்கள், வெளியே பாட்டு மெலிந்து ஒலிக்கும். சிறு பெட்டிக்கும் பேஸ் பெட்டிக்கும் இடையே விழும் ஓட்டையில்தான் ஆண் குரல்களின் அடிப்பகுதி போய்விடும். மானிட்டர் வாங்கும்வரை நல்ல ஹெட்ஃபோனே மேல்.

கேள்வி: பழைய மானிட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. ‘ங்ங்’ என்ற இரைச்சல் இருக்கிறது. கடலோரத்தில் வீடு. வாங்கலாமா?
— வாசகர், குளச்சல்

பதில்: சிக்னல் கேபிளை மானிட்டரிலிருந்து உருவுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு உள்ளே, விட்டுவிடுங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்று, அதாவது இணைத்த கருவிகளின் எர்த் வயர்களுக்கிடையே ஓடும் மின்சாரம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் சேருங்கள், ஆர்சிஏ வயருக்குப் பதில் பேலன்ஸ்டு (வழியில் ஏறும் இரைச்சலைத் தானே கழிக்கும்) டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் வெட்டாதீர்கள். கரண்ட் போனதும் மட்டும் இரைந்தால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. சைன் வேவுக்கு மாறுவதே தீர்வு.

வூஃபரை (அடித்தொனி தரும் பெரிய ஸ்பீக்கர்) சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் ஈரத்தில் நாளடைவில் பொடியும்; தொட்டதும் உதிர்ந்தால் வேண்டாம். உப்புக் காற்றில் ஜாக்குகள் பச்சை பூத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்துத் தடவை செருகி உருவினால் பெரும்பாலும் சரியாகும். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.