வாசகர் கேள்வி பதில்: விபத்து அறிக்கையில் ஏன் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை?

கேள்வி: ஐயா, என் அக்கா மகன் ஹெலிகாப்டர் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். இங்கே டர்பனுக்கு வடக்கே டோங்காட் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்தில் விழுந்து, அவனும் கூட இருந்த ஆசிரியரும் அங்கேயே போய்விட்டார்கள். பதினோரு மாதம் ஆகிறது, முழு அறிக்கை இன்னும் வரவில்லை, ஏன் இவ்வளவு தாமதம்? முதலில் வந்த சில பக்க அறிக்கையில் தப்பு யாருடையது என்று ஒரு வரி கூட இல்லை. யார் மேலும் பழி போடுவது நோக்கமில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியைக் காப்பாற்றுகிறார்களா? அக்கா அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாள்.
ஒரு வாசகி, வெருலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். முதலில் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த வரி உங்கள் பையனுக்காக எழுதியது இல்லை. தென்னாப்பிரிக்காவில் வரும் ஒவ்வொரு விமான விபத்து அறிக்கையிலும் அது இருக்கும், செத்தவர் பெரிய முதலாளியாக இருந்தாலும் இருக்கும். நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட விமானப் போக்குவரத்து உடன்படிக்கையான சிகாகோ ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு என்று 1951இல் வந்த விதி அது, உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். காரணம் எளிமையானது. நட்டை முறுக்க மறந்த மெக்கானிக், சொன்னால் ஜெயில் என்று தெரிந்தால் வாயைத் திறப்பானா? அவன் சொல்லாவிட்டால் அதே நட்டு இன்னொரு வண்டியில் கழன்று விழும். பல வருடம் ஹாங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில், வேலை பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தாமதம் ஏன் என்று கேட்கிறீர்கள். முதல் அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அதில் நடந்தது மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. இறுதி அறிக்கைக்கு 12 மாதம். அதற்குள் முடியாவிட்டால் வருஷா வருஷம் அதே தேதியில் விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு இடைக்கால அறிக்கை வெளியிட வேண்டும். அடுத்த மாதம் இரண்டில் ஒன்று வரவில்லை என்றால், முதல் அறிக்கையில் இருக்கும் விசாரணை எண்ணைப் போட்டு, அந்த அறிக்கையை வெளியிட்டவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

இத்தனை நாள் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் மனசு ஆறலாம். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றும் விசிறி எந்த நிலையில் நின்றது என்பதுதான் முதலில். அதன் நீளமான தகடுகளைத்தான் இறக்கை என்கிறேன். வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த இறக்கை தரையில் பட்டால் துண்டு துண்டாக உடைந்து தூரம் போய் விழும். சுற்று குறைந்துபோயிருந்தால் இறக்கை மேல்நோக்கி வளைந்திருக்கும். இறக்கையின் பெயின்ட் வால் பகுதியில் ஒட்டியிருந்தால், காற்றிலேயே அது வாலை வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். ராபின்சன் ஆர்22 என்ற சின்னப் பயிற்சி ஹெலிகாப்டர் போன்ற இரண்டு இறக்கை வண்டிகளில் இந்தப் பயம் உண்டு, அதனால்தான் அமெரிக்காவில் 1995லேயே அதை ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அப்புறம் எச்சரிக்கை விளக்குகள். பழைய வண்டிகளில் இருக்கும் சின்ன பல்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மோதும்போது எரிந்துகொண்டிருந்தால் உள்ளே இருக்கும் கம்பி சூட்டில் இளகி, இழுத்துவிட்ட நூல் மாதிரி நீண்டு கிடக்கும், அணைந்திருந்தால் அப்படி நீளாது, சுள்ளென்று ஒடிந்திருக்கும். அரிசி மணி அளவு கூட இல்லாத அந்தக் கம்பியை நானே பார்த்திருக்கிறேன். கடைசி நொடியில் உள்ளே இருந்தவர்கள் முன்னால் எந்த விளக்கு எரிந்தது என்பதை அது சொல்கிறது.

காப்பாற்றுகிறார்களா என்ற கேள்விக்கு ஒன்று சொல்கிறேன். 2020 ஜனவரியில் நம் விமானத் துறை ஆணையத்தின் சொந்த விமானமே ஜார்ஜ் நகரத்துக்குப் பக்கத்தில் விழுந்து மூன்று பேர் இறந்தபோது, தன் வீட்டு விஷயத்தைத் தானே விசாரிக்கக் கூடாது என்று அந்த விசாரணையை எத்தியோப்பியாவிடம் கொடுத்தார்கள். அதனால் சந்தேகப்பட்டே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தப்பு யாருடையது என்று கேட்க வேறு வாசல் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு மரண விசாரணைச் சட்டப்படி, இந்தச் சாவுக்கு யாருடைய செயலோ அலட்சியமோ காரணமா என்று மாஜிஸ்ட்ரேட் முடிவு சொல்லலாம். போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் நம்பரை வாங்கி, மரண விசாரணை எப்போது என்று கேளுங்கள். நஷ்ட ஈடு கேட்பதாக இருந்தால் பொதுவாக மூன்று வருடத்தில் உரிமை காலாவதியாகிவிடும், ஆகவே இறுதி அறிக்கைக்குக் காத்திருக்காமல் இப்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: சின்ன ஹெலிகாப்டரில் ஏன் கறுப்புப் பெட்டி வைப்பதில்லை?
ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: எடைதான் காரணம். கறுப்புப் பெட்டி விதிகள் சில டன் எடைக்கு மேற்பட்ட ஹெலிகாப்டர்களுக்குத்தான். ஆர்22 ஆட்களையும் பெட்ரோலையும் சேர்த்தே அதிகபட்சம் 622 கிலோ. அதனால் ஜிபிஎஸ் கருவி, இறந்தவர்களின் கைபேசி, பார்த்தவர்கள் எடுத்த வீடியோ இவற்றை வைத்துத்தான் கடைசி நிமிடத்தைக் கோக்கிறார்கள். இப்போது கையடக்கமான பதிவுக் கருவிகள் வந்துவிட்டன, பயிற்சி வண்டிகளிலாவது கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பேரப் பிள்ளைகளோடு ஹெலிகாப்டரில் மலை பார்க்கப் போகிறோம். மடியில் பை வைத்துக்கொள்ளலாமா?
ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. 2025 ஜனவரி 19 அன்று நம் கிழக்கு கேப் கடலோரத்தில் இருக்கும் பேர்ட் தீவிலிருந்து கிளம்பிய ஒரு ஆர்44 ஹெலிகாப்டரில், ஒருவர் மடியில் அட்டைப் பெட்டிக்குள் ஒரு பென்குயின் இருந்தது. 15 மீட்டர் உயரம் கூட ஏறியிருக்காது, பெட்டி சரிந்து விமானியின் கட்டுப்பாட்டுக் கோல் மேல் விழுந்தது, வண்டி அப்படியே வலது பக்கம் சாய்ந்து தரையில் மோதியது. யாருக்கும் காயம் இல்லை, பென்குயினுக்கும் இல்லை. இன்னும் கொஞ்சம் உயரம் போயிருந்தால் கதை வேறு. ஆர்44இல் சீட்டுக்கு அடியிலேயே சாமான் வைக்க இடம் இருக்கிறது. விசிறி சுற்ற ஆரம்பிக்கும் முன்பே விமானியிடம் சொல்லி எல்லாவற்றையும் அதில் வைத்து மூடச் சொல்லுங்கள், பிள்ளைகள் கையில் தண்ணீர் பாட்டில் கூட வேண்டாம்.