மோரும் புரோபயாடிக் மாத்திரையும் பயத்தைக் குறைக்குமா?

நேர்முகத் தேர்வு நெருங்கினாலே வயிறு கலங்குகிறது, புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை வாங்கினால் பதற்றம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் என் வயிற்றுக்கும் இதே வழக்கு நடந்தது.

பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிச் செல்பவன் நான். ஒரு மழை இரவில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எனக்கு முன்னால் போன லாரி பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இறக்கத்தில் உள்ள இரட்டைப் பாலம் நெருங்கும்போதே வயிற்றில் புளியைக் கரைக்கும்; வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கழிப்பறை தேடுவேன். பரிசோதனை செய்த மருத்துவர் குடலில் கோளாறே இல்லை என்றார். அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

குடலையும் மூளையையும் இணைப்பது வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகின்றன. மூளை உத்தரவிட, வயிறு கேட்டுக்கொள்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்!

2011இல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஜேபி-1 என்ற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகையை 28 நாள் கொடுத்தார்கள். பயந்த எலி சுவர் வைத்த பாதையிலேயே ஒண்டிக்கொள்ளும். இவை திறந்த பாதைக்கும் துணிந்து வந்தன. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோனும் குறைவாக ஏறியது. வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளிடமோ இந்த மாற்றம் எதுவும் இல்லை. சேதி எந்த வழியாகப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட அது எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. வேறு வகைகளில் சில சிறு ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு வகை செய்யும் வேலையை இன்னொன்றும் செய்யும் என்று எண்ண முடியாது. மனநிலையோடு தொடர்புடைய ரசாயனம் செரட்டோனின். "செரட்டோனின் பெரும்பகுதி குடலில்தான் சுரக்கிறது" என்று விளம்பரம் செய்வார்கள். உண்மைதான். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் மீந்த கேழ்வரகுக் களியைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். விடிந்ததும் அம்மா அதைக் கையாலேயே பிசைந்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தருவார். இதில் கவனிக்க ஒன்று உண்டு: களி கிண்டும் கொதியில் கிருமிகள் செத்துவிடும். ஆறிய பிறகு இரவில் புளிப்பதிலும் மோரிலும்தான் உயிருள்ளவை இருக்கின்றன. இந்தக் களிக்கும் ஜேபி-1க்கும் சம்பந்தம் கிடையாது. வயிற்றுக்கு இதமாக இருக்கிறது, காசும் மிச்சம்.

அதனால் மோர் குடியுங்கள். விலை உயர்ந்த மாத்திரைக்கு அவசரப்பட வேண்டாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பதற்றம் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான். நான் மனநல ஆலோசகரிடம் நான்கு முறை போனேன், வெறும் வயிற்றில் தேநீர் குடிப்பதை விட்டேன், அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பகலில் பல முறை அந்த இறக்கத்தில் இறங்கினேன். இப்போது ஓரங்கட்டுவதில்லை. அம்மாவைக் கேட்டால் எல்லாம் களித் தண்ணீரின் மகிமை என்பார்.