கேள்வி – பதில்: ஜப்பானிய மொழியில் ‘ககெரு’

கேள்வி: என்5 தேர்வுக்கு (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை) படிக்கிறேன். ‘ககெரு’ என்ற வினைக்கு அகராதியில் ஒரு பக்கம் நிறையப் பொருள் இருக்கிறது. எதை மனப்பாடம் செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் உச்சரிப்பு. இரண்டு ககரமும் வல்லோசை. ‘பக்கெட்’டில் வருகிற ‘கெ’, ஆனால் இரட்டிக்காமல். நடு எழுத்து மெலிந்தால் நிழல் கவிவதைச் சொல்லும் வேறு வினையாகிவிடும்.

பொருளைத் தனியாகப் படிக்காதீர்கள். பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படியுங்கள். ஒன்றை இன்னொன்றில் மாட்டுவது, அதன்மேல் படச் செய்வது என்பதுதான் அடிப்படை. மெகனெ ஓ ககெரு (கண்ணாடி போடு; ‘ஓ’ நம் ‘ஐ’ உருபு மாதிரி), ககி ஓ ககெரு (பூட்டுப் போடு), டென்வா ஓ ககெரு (போன் போடு), ஐரொன் ஓ ககெரு (இஸ்திரி போடு). நம் ‘போடு’ இத்தனைக்கும் கைகொடுக்கிறது. ‘ஒககெ குடசாய்’ என்றால் ‘உட்காருங்கள்’. கணக்கில் பெருக்கலும் இதுதான்: ‘நி ககெரு சன் வா ரொகு’, 2 x 3 = 6.

ஆனால் அதே ‘போடு’ உடுப்பு விஷயத்தில் காலை வாரிவிடும். தொப்பிக்குக் கபுரு, சட்டைக்குக் கிரு, செருப்புக்கும் பேண்ட்டுக்கும் ஹகு. ‘போஷி ஓ ககெரு’ என்றால் தொப்பியைக் கொக்கியில் மாட்டுகிறீர்கள், தலையில் அல்ல!

சாப்பாட்டு மேஜையிலும் கவனம் வேண்டும். டோஃபுவின் மேல் ஷோயுவை (சோயா சாஸ்) ஊற்றினால் ககெரு. சுஷியை ஷோயுவில் தொட்டுக்கொண்டால் ட்ஸுகெரு. எதன்மேல் ஊற்றுகிறோமோ அதற்கு ‘நி’, ஊற்றும் பொருளுக்கு ‘ஓ’: ‘டோஃபு நி ஷோயு ஓ ககெரு’. இரண்டையும் மாற்றிப்போட்டால் ஷோயுவின் மேல் டோஃபு விழும்.

கேள்வி: ‘ககெரு’, ‘ககரு’ இரண்டும் நேரத்துக்கு வருகின்றனவே?
– வாசகி, மதுரை

பதில்: நாமாக நேரம் செலவழித்தால் ககெரு, தானாக நேரம் பிடித்தால் ககரு. ஸ்டேஷனிலிருந்து 30 நிமிடம் ஆகும் என்பதற்கு ‘எகி கரா சன்ஜுப்புன் ககரிமசு’. எண்ணுக்குப் பின்னால் ‘ஓ’ போடக்கூடாது. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். கதவு பூட்டியிருக்கிறது என்றால் ‘ககி கா ககத்தெ இரு’. (எழுவாயைக் காட்டும் இந்தக் ‘கா’ மெல்லோசை, ‘கங்கா’வின் கடைசி எழுத்து.) ‘தெ’ வடிவத்தை (நம் ‘செய்து’ போன்ற எச்ச வடிவம்) பிரித்து மனதில் வையுங்கள்: ககெரு ‘ககெதெ’ ஆகும், ககரு ‘ககத்தெ’ ஆகும். முன்னது இரண்டாம் வகை வினை, பின்னது முதல் வகை.

கேள்வி: ‘கன்ஜி கா ககெரு’ என்று கேட்டேன். கன்ஜியை (சீனத்திலிருந்து வந்த எழுத்து) மாட்டுவதா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. ‘எழுது’ என்ற ‘ககு’வின் ‘முடியும்’ வடிவமும் ககெருதான். அதாவது கன்ஜி எழுத வரும். ‘சரா கா ககெரு’ என்றாலோ தட்டின் விளிம்பு உடைந்து சில்லு போவது. டோக்கியோ உச்சரிப்பில் ‘எழுத முடியும்’ ககெருவில் குரல் ‘கெ’யில் உயர்ந்து ‘ரு’வில் இறங்கும். உடைகிற ககெருவில் கடைசிவரை இறங்காது.