சிஸ்டருக்கு எப்படித் தெரிந்தது?

ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாளடி நடவு முடிந்த கையோடு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வயலில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர். ரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் சாயங்காலம் டாக்டர் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனார். நைட் டூட்டிக்கு வந்த சிஸ்டர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘கூடப்பொறந்தவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க தம்பி’ என்றார். விடியுமுன் அப்பா போய்விட்டார். நர்சிங் படிக்கும் அக்கா மகள், நர்ஸ்கள் எழுதும் டயக்னோசிஸை வைத்தே யாருக்கு ஆபத்து என்று கணிக்கும் ஆராய்ச்சிகள் இருக்கின்றன என்கிறாள். இது ஆரூடமா, அறிவியலா? சாவை முன்கூட்டிச் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அக்கா மகள் சொல்வது சரி, அறிவியல்தான்.

கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதுவது நோயின் பெயர். நர்சிங் டயக்னோசிஸ் என்பது அந்த நோயை உடம்பு எப்படித் தாங்குகிறது என்ற கணக்கு. மூச்சுக்காற்றுப் பரிமாற்றம் குறைகிறது, சளியைத் துப்பத் தெம்பில்லை, புத்தி தடுமாறுகிறது, முதுகுத்தோல் உரிகிறது, இப்படி. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செவிலியர்கள் கூடி இவற்றை வகைப்படுத்த ஆரம்பித்தார்கள். 1982இல் அதற்கென்றே நாண்டா என்ற அமைப்பு வந்தது. ஒரே வார்டில் ஒரே எலிக்காய்ச்சலோடு படுத்திருப்பவர்களில் சிலர் நாலாம் நாள் இட்லி கேட்பார்கள், ஒருவருக்கு மட்டும் மூச்சு வாங்கும். அந்த வித்தியாசம் நோயின் பெயரில் இருக்காது.

அந்த சிஸ்டர் முதலில் யூரின் பேக்கைப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தை முடக்கும். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும். மத்தியானம் பார்த்த கோட்டிலேயே ராத்திரியும் நின்றால் விஷயம் மோசம். அடுத்தது நெஞ்சு. இந்த நோய் முற்றினால் நுரையீரலுக்குள் ரத்தம் கசியும், மூச்சு மேலும் மேலும் வேகமாகும். பிறகு பேச்சு. நட்டு முடித்த வயலுக்கு நாற்று வந்துவிட்டதா என்று கேட்டிருந்தால் அதுவும் ஒரு குறி. கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் செயலிழப்பதை செப்சிஸ் என்பார்கள். அதற்கு 2016இல் வகுத்த எளிய சோதனையும் இவ்வளவுதான்: நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், நினைவு மாற்றம். மூன்றில் இரண்டு இருந்தாலே ஆபத்து கூடுகிறது. இதற்கு லேப் வேண்டாம், கட்டிலருகே நிற்க ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குத்தான் பஞ்சம். பல சார்ட்டுகளில் எல்லா நோயாளிக்கும் மூச்சு 20 என்றே இருக்கும், எண்ணாமல் எழுதியது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வார்டு முழுக்க ஒரே சிஸ்டர் ஓடும்போது ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு நிமிடம் எப்படி நிற்பார்? ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது.

நின்று பார்த்தால் உயிரும் மிஞ்சும். உண்ணிக் காய்ச்சலில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. வேட்டியை விலக்கி ஈரத்துணியால் துடைத்துவிடுபவர் கண்ணில்தான் பெரும்பாலும் படும். அதைக் கண்டு சொன்னால் அந்தக் காய்ச்சலுக்கான மருந்து டாக்ஸிசைக்ளின் உடனே ஆரம்பமாகும்.

இனி இரண்டாவது கேள்வி. இந்தக் குறிகள் உள்ளவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள் என்பதுதான் ஆராய்ச்சிகள் சொல்வது. அதே குறிகளோடு எழுந்து வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அதனால் அது எச்சரிக்கை, தீர்ப்பல்ல. சிஸ்டர் உங்களிடம் சொன்னது தப்பில்லை. டூட்டி டாக்டரையும் அதே நிமிடம் எழுப்பினாரா, எழுப்பினால் அவர் வந்தாரா என்பதுதான் என் கேள்வி. நம் ஆஸ்பத்திரிகளில் சிஸ்டரின் கணிப்பு சொந்தக்காரர் காதுக்குச் சுலபமாக வந்துவிடுகிறது, டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் தயங்கி நிற்கிறது. பிரிட்டனில் 2012 முதல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, நாடி, அழுத்தம், நினைவு எல்லாம் கூட்டி 7 வந்தால் அவசரக் குழு வந்தாக வேண்டும். ‘எனக்கென்னவோ சரியாப் படலை டாக்டர்’ என்று இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் காசநோய்க்கு 2022இல் இப்படி ஒன்று வந்துவிட்டது, காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் உறுதியானதுமே பணியாளர் எடை, உயரம், கால் வீக்கம் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டுகிறார், பிடிமானமில்லாமல் நிற்கச் சொல்கிறார். மூச்சு 24க்கு மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழ், நிற்க முடியவில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்தான கேஸ் என்று குறித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க அனுப்புகிறார்கள். அங்கேயும் சாவைத்தான் முன்கூட்டிச் சொல்கிறார்கள். சொந்தக்காரரை வரவழைக்க அல்ல, படுக்கை போட.