சிக்கன் பாஸ்தா மொத்தமாகச் செய்துவைத்தால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாரத்தில் நான்கு இரவு வெளியிலிருந்துதான் சாப்பாடு வருகிறது. இனி விடுமுறை நாளில் சிக்கன் பாஸ்தாவை இரண்டு பெரிய ட்ரேயில் வைத்து ஓவனில் பேக் செய்து, டப்பாக்களில் பிரித்து வைக்கலாம் என்றிருக்கிறேன். சீஸ், ஓவனுக்கு ஆகும் கரண்ட் எல்லாம் சேர்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்கிறார் கணவர். இதற்கென்று தனி ஃப்ரீசர் ஒன்றைத் தவணையில் வாங்கலாமா?

பதில்: பாஸ்தா செய்யுங்கள். ஃப்ரீசர் இப்போது வேண்டாம்.

உங்கள் கணவர் ட்ரேயின் செலவைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது, சாப்பிட்ட ஒரு தட்டின் செலவை. 23-க்கு 33 செ.மீ. ட்ரேயில் சுமார் எட்டுத் தட்டு வரும். டெலிவரி கட்டணத்தோடு ஒருவருக்கு ஆர்டர் சாப்பாடு 100 என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ட்ரேக்குச் சாமானும் கரண்ட்டும் சேர்த்து 240 என்றால், தட்டு 30. இரண்டு டப்பா கெட்டுக் குப்பைக்குப் போனால் மிச்ச ஆறும் தட்டுக்கு 40 ஆகிவிடும். அப்போதும் லாபம்தான், அந்தத் தட்டு ஆர்டருக்குப் பதிலாக வந்திருந்தால். முட்டையும் ரொட்டியுமாக 25-ல் முடிந்திருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்துவிட்டு, இரவில் வழக்கம்போல ஆர்டர் போட்டால் கைக்காசுதான் போகும். இப்படி நடப்பது அபூர்வமும் இல்லை. எண்கள் என்னுடையவை, உங்கள் பில்லை எடுத்து அதே இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கரண்ட் பெரிய விஷயமே இல்லை. 2 கிலோவாட் ஓவன், சூடேறும் நேரத்தோடு முக்கால் மணி ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது.

பணம் ஒழுகுவது கெட்டுப்போகும் டப்பாவில்தான். சமைத்த சிக்கன் 4 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான் தாங்கும். இரண்டு பேருக்கு நான்கு இரவு என்றால் எட்டுத் தட்டு. இரண்டாவது ட்ரே யாருக்கு? அந்த எட்டையும் ஒரே வாரத்தில் தீர்க்கவும் முயலாதீர்கள். மூன்றாவது இரவே அலுத்துப்போய் கை போனைத் தேடும். நான்கு டப்பா ஃப்ரிட்ஜில், இந்த வாரம் இரண்டு இரவுக்கு. நான்கு ஃப்ரீசரில், அடுத்த வாரத்துக்கு. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், உயரம் குறைந்த டப்பாக்களில் பரப்பி உள்ளே வைத்துவிட வேண்டும். ஆர்டர் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தாலே, நம் கணக்குப்படி இருவருக்கும் சேர்த்து வாரத்துக்கு 280 மிச்சம்.

ருசி கெட்டாலும் குப்பைதான் என்பதால் சமையலிலும் கொஞ்சம் தலையிடுகிறேன். பாஸ்தாவை, பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். சாஸைத் தளர்வாக வையுங்கள்; மிச்ச வேக்காட்டுக்கு பாஸ்தா அதைக் குடித்துக்கொள்ளும். முழுக்க வேகவைத்தால் மறுபடி சூடாக்கும்போது குழைந்து கூழாகிவிடும். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி நல்லது. இரண்டாம் சூட்டிலும் வறண்டுபோகாது, பெரும்பாலும் விலையும் குறைவு. துருவி விற்கும் சீஸ் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அதனால் சரியாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவி, மேலே மட்டும் போடுங்கள்.

தவணைக்கு வருவோம். தவணை மாதாமாதம் நிச்சயம். உங்கள் மிச்சம் இன்னும் நிச்சயமில்லை. நான்கு தட்டையான டப்பாவுக்கு ஃப்ரிட்ஜோடு வரும் ஃப்ரீசரே போதும். ஆர்டருக்குப் பதில் டப்பா திறக்கும் ஒவ்வோர் இரவும், தட்டுக்கு மிச்சமான தொகையை அப்போதே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாத முடிவில் மாற்றலாம் என்று விட்டால் அது வேறு செலவில் கரைந்திருக்கும். அந்தக் கணக்கு ஃப்ரீசர் விலையைத் தொடும் நாளில் ரொக்கமாகவே வாங்கலாம். கடைக்குக் கிளம்பும் முன், இப்போதுள்ள ஃப்ரீசரில் இடம் போதவில்லையா, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் அடைத்திருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.